ஒரே தேதியில் இத்தனை வரலாறா?

1809 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் சார்லஸ் டார்வின் பிறந்தார். அதே நாளில், அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், கென்டக்கியில் ஒரு மரக்குடிசையில் ஆபிரகாம் லிங்கன் பிறந்தார். ஒருவர் உயிர்களின் தோற்றம் பற்றிய நம் எண்ணத்தையே மாற்றினார், இன்னொருவர் அமெரிக்காவில் அடிமை முறைக்கு முடிவு கட்டினார். தேதி, மாதம், ஆண்டு மூன்றுமே ஒன்றாக இருக்கிறதே, இதில் ஏதோ இருக்க வேண்டும் என்று மனம் உடனே சொல்லும்.

'வரலாற்றில் இன்று' பட்டியல்களைப் படிக்கும் எல்லோருக்கும் இந்த உணர்வு வந்திருக்கும். எந்தத் தேதியை எடுத்தாலும் போர், கண்டுபிடிப்பு, பிறப்பு, இறப்பு என்று வரிசையாக வந்து நிற்கின்றன. இவற்றை ஒரே தேதியில் கொண்டுவந்து சேர்த்தது எது? சில சமயம் வெறும் தற்செயல். சில சமயம் ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்தது. சில சமயம் நாட்காட்டியும் கடிகாரமும் செய்யும் வேலை. எந்தப் பொருத்தம் எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்தப் பட்டியல்களைப் படிப்பது பல மடங்கு சுவையாகிவிடும்.

தற்செயல் நாம் நினைப்பதை விட மலிவானது

முதலில் எளிய கணக்கு. பிப்ரவரி 29-ஐயும் சேர்த்தால் ஆண்டுக்கு 366 தேதிகள். உலக வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை என்று 10,000 நிகழ்வுகளை நீங்கள் எழுதி வைத்தால், ஒரு தேதிக்குச் சராசரியாக 27 வரும். காலியாக ஒரு தேதி கிடைப்பதுதான் அதிசயமாக இருக்கும்.

இதை விட வியப்பானது, மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே பொருத்தங்கள் வந்துவிடுவது. ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்த தேதி இருக்கும் வாய்ப்பு 50 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. 57 பேர் என்றால் 99 சதவீதம். நம்பக் கடினமாக இருக்கும். காரணம் இதுதான்: 23 பேரிலிருந்து 253 ஜோடிகளை உருவாக்கலாம். ஒவ்வொரு ஜோடியும் பொருந்துவதற்கு ஒரு வாய்ப்பு. நாம் ஆட்களை எண்ணுகிறோம், பொருத்தம் ஜோடிகளில் நடக்கிறது.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். 'யாராவது இருவர்' என்று கேட்காமல், 'என் பிறந்த தேதியோடு பொருந்துபவர் ஒருவராவது' என்று கேட்டால், அதே 50 சதவீத வாய்ப்புக்கு 253 பேர் வேண்டும். தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தேடுவதும், தேடிய பிறகு கிடைத்த தேதியைக் காட்டி வியப்பதும் வேறு வேறு. 'வரலாற்றில் இன்று' வியப்புகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

ஸ்டீபன் ஹாக்கிங் 1942 ஜனவரி 8 அன்று பிறந்தார். கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. ஹாக்கிங்கே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அதே நாளில் உலகில் இன்னும் சுமார் 2 லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்தச் சேர்க்கைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அவர் இறந்தது 2018 மார்ச் 14. அது ஐன்ஸ்டீன் பிறந்த தேதி (1879), கார்ல் மார்க்ஸ் இறந்த தேதியும்கூட (1883). இயற்பியல் கட்டுரைகளில் மார்க்ஸ் வருவதில்லை. கதைக்குப் பொருந்துவது நிற்கிறது, பொருந்தாதது கீழே விழுந்துவிடுகிறது.

தற்செயல் மனிதர்களை எவ்வளவு ஆழமாக உலுக்கும் என்பதற்கு மெக்சிகோவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1985 செப்டம்பர் 19 காலை, 8.0 அளவிலான நிலநடுக்கம் மெக்சிகோ நகரைச் சிதைத்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் நாடு முழுக்க நிலநடுக்க ஒத்திகை நடத்தும் வழக்கம் வந்தது. 2017 செப்டம்பர் 19 அன்றும் காலை 11 மணிக்கு ஒத்திகை நடந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் 7.1 அளவில் நிஜமான நிலநடுக்கம் வந்து 300-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 2022 செப்டம்பர் 19 அன்று ஒத்திகை முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மூன்றாவது முறையாகப் பெரிய நிலநடுக்கம்.

அந்த நாட்டு மக்கள் செப்டம்பரை அச்சத்தோடு பார்ப்பதில் என்ன தவறு இருக்கிறது? எந்தத் தவறும் இல்லை. ஆனால் பூமிக்கு நாட்காட்டி தெரியாது. கடலடியில் இருக்கும் கோகோஸ் என்ற புவித்தட்டு வட அமெரிக்கப் புவித்தட்டுக்கு அடியில் ஆண்டு முழுக்கப் புகுந்துகொண்டே இருக்கிறது. மெக்சிகோவில் பெரிய நிலநடுக்கங்கள் அடிக்கடி வருவதற்கு அதுதான் காரணம், அதற்கு மாதக் கணக்கு கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். 2017 செப்டம்பர் 7 இரவு, அதே நாட்டின் தென் பகுதியில் 8.2 அளவில் நிலநடுக்கம் வந்தது. 19-ஆம் தேதி வந்ததை விடப் பெரியது. 2021-இல் அகபுல்கோ அருகே 7.0 அளவில் வந்த நிலநடுக்கமும் செப்டம்பர் 7-தான். இந்த ஜோடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அந்தத் தேதிக்குப் பின்னால் 1985 இல்லை. ஒரு தேதிக்கு ஏற்கெனவே ஒரு துயரம் இருந்தால்தான் அடுத்தது நம் கண்ணில் படுகிறது.

தற்செயல் போலத் தோன்றினாலும் பருவம் காரணமாக இருப்பவையும் உண்டு. நெப்போலியன் ரஷ்யாவுக்குள் படை நடத்தியது 1812 ஜூன் 24. ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தது 1941 ஜூன் 22. இரண்டு நாள்தான் இடைவெளி. வசந்த காலச் சேறு காய்ந்து பாதை உறுதியாகும் காலம், பகல் மிக நீளமாக இருக்கும் காலம், குளிர்காலம் வருவதற்குள் முடிந்தவரை முன்னேற வேண்டிய அவசரம். படைத் தளபதிகள் இருவரும் ஒரே தரையைப் பார்த்தார்கள்.

மனிதர்கள் தேர்ந்தெடுத்த தேதிகள்

1701 ஜனவரி 18 அன்று பிரஷ்யாவின் முதல் மன்னராக முதலாம் பிரெடரிக் முடிசூட்டிக்கொண்டார். 170 ஆண்டுகள் கழித்து பிரஷ்யா பிரான்சைப் போரில் வென்றது. வெற்றியாளர்கள் 1871-இல் வெர்சாய் அரண்மனையில், பிரெஞ்சு மன்னர்களின் கண்ணாடி மண்டபத்திலேயே ஜெர்மன் பேரரசை அறிவித்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட தேதியும் ஜனவரி 18. பிரான்ஸ் இதை மறக்கவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்ற பிறகு பாரிஸ் அமைதி மாநாடு 1919 ஜனவரி 18 அன்று கூடியது. அந்த மாநாட்டில் உருவான ஒப்பந்தத்தில் ஜெர்மனி கையெழுத்திட்ட இடமும் அதே கண்ணாடி மண்டபம்தான். கையெழுத்து நாள் ஜூன் 28, போருக்குத் திரி வைத்த, ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரைச் சுட்ட சராயெவோ கொலை நடந்து சரியாக ஐந்து ஆண்டுகள். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் தொடங்கிய சங்கிலி இது. இதைத் தற்செயல் என்று சொன்னால் வரலாற்றின் பாதி கைவிட்டுப் போகும். ஒரு தேதியை எடுத்து எதிரியை அவமானப்படுத்த முடியும் என்பதை இரு தரப்பும் நன்றாக அறிந்திருந்தன.

ஆகஸ்ட் 15-ஐ எடுத்துக்கொள்வோம். 1945-இல் அன்றுதான் ஜப்பானியப் பேரரசர் வானொலியில் சரணடைவை அறிவித்தார். கொரியா அதையே தன் விடுதலை நாளாகக் கொண்டது. தென் கொரிய அரசு மூன்று ஆண்டு கழித்து, 1948 ஆகஸ்ட் 15 அன்று முறைப்படி அமைந்தது. இந்தியாவுக்கு அதிகாரத்தைக் கைமாற்ற மவுண்ட்பேட்டன் குறித்த நாளும் ஆகஸ்ட் 15. அவர் தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர். ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் அந்தத் தேதி மனதில் வந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். ஆக, இந்தியாவும் கொரியாவும் ஒரே நாளில் கொடியேற்றுவதற்கு வேர் ஒன்றுதான்.

காங்கோ குடியரசின் சுதந்திர தினமும் ஆகஸ்ட் 15. அந்தக் கதை வேறு. 1960 ஆகஸ்டில் பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்கு அட்டவணை போட்டு விடுதலை கொடுத்துக்கொண்டிருந்தது. சாட் 11, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு 13, காங்கோ 15, காபோன் 17. வரிசையைப் பார்த்தாலே புரியும், அந்த 15 அட்டவணையில் வந்து விழுந்த 15. ஒரே தேதி என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நூலில் கோர்க்கக் கூடாது என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை.

இந்தியக் குடியரசு நாளும் தேர்ந்தெடுத்ததுதான். அரசியல் சாசனம் 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பட்டுவிட்டது. முழு விடுதலையை உறுதிமொழியாக எடுத்து நாடெங்கும் கொண்டாடிய 1930 ஜனவரி 26-ஐ நினைவில் நிறுத்தத்தான், முழு நடைமுறைக்கு இரண்டு மாதம் காத்திருந்தார்கள். அதே ஜனவரி 26-தான் ஆஸ்திரேலிய நாளும். 1788-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னித் துறையில் கரையேறிய தேதி. இந்தப் பொருத்தம் மட்டும் தற்செயல்.

இந்த இரண்டு வகையும் பின்னிக் கிடக்கும் தேதி என்றால் ஜெர்மனியின் நவம்பர் 9. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1918-இல் அன்று மன்னராட்சி முடிந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. அந்தக் குடியரசை வெறுத்த ஹிட்லர் 1923 நவம்பர் 8 இரவு மியூனிக்கில் கலகம் தொடங்கினார், 9 அன்று அது ஒடுக்கப்பட்டது. ஆட்சிக்கு வந்த பிறகு நாஜிகள் ஆண்டுதோறும் அதே நாட்களில் மியூனிக்கில் கூடி அந்தக் கலகத்தை நினைவுகூர்ந்தார்கள். 1938-இலும் கூடினார்கள். பாரிஸில் சுடப்பட்டிருந்த ஒரு ஜெர்மன் தூதரக அதிகாரி அன்று இறந்துபோன செய்தி அந்தக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது. கட்சித் தலைவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். கோயபல்ஸ் எழுந்து பேசினார். அன்றிரவே நாடு முழுக்க யூதர்களின் வழிபாட்டு இடங்களும் கடைகளும் எரிந்தன. ஒரு நினைவு நாள் கூட்டமே அடுத்த கொடுமைக்குக் களமானது.

1989 நவம்பர் 9 அப்படி வந்ததல்ல. கிழக்கு ஜெர்மனியின் புதிய பயண விதி மறுநாள்தான் வெளியாக வேண்டும். அன்று மாலை செய்தியாளர் சந்திப்பில் ஆளும் கட்சியின் பேச்சாளர் குன்ட்டர் ஷபோவ்ஸ்கியிடம் எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். மக்கள் எல்லைச் சாவடிகளில் குவிந்தார்கள், இரவோடு இரவாகப் பெர்லின் சுவர் திறந்தது. அந்த ஒரு பதில் வேறு மாதிரி வந்திருந்தால் நாம் நவம்பர் 10 என்று படித்துக்கொண்டிருப்போம். அப்புறம் ஒன்றிணைந்த ஜெர்மனி தேசிய நாளைத் தேடியபோது நவம்பர் 9-ஐ எடுக்கவில்லை. 1938-இன் நினைவு இருக்கும் நாளில் எப்படிக் கொண்டாடுவது? ஒன்றிணைப்பு நடந்த 1990 அக்டோபர் 3 தேசிய நாளானது. ஒரு தேதியைத் தவிர்ப்பதும் வரலாற்றுத் தீர்மானம்தான்.

ஒரே தேதி, வேறு நாள்

ஷேக்ஸ்பியரும் செர்வான்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒன்றாக இறந்தார்கள் என்று பலமுறை படித்திருப்பீர்கள். யுனெஸ்கோ அறிவித்த உலகப் புத்தக நாளுக்கும் அந்தத் தேதிதான். ஆனால் இருவரும் ஒரே நாளில் இறக்கவில்லை.

ஜூலியன் நாட்காட்டி ஆண்டுக்கு 365.25 நாள் என்று கணக்கிட்டது. உண்மையான ஆண்டு அதை விட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பிழை சேர்ந்தது. அதைத் திருத்த 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி 10 நாட்களை நீக்கினார், அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. ஸ்பெயின் உடனே ஏற்றது. இங்கிலாந்து 1752 வரை ஏற்கவில்லை. அதனால் 1616-இல் ஸ்பெயினில் ஏப்ரல் 23 என்றால் இங்கிலாந்தில் இன்னும் ஏப்ரல் 13. ஷேக்ஸ்பியர் அதற்குப் பத்து நாள் கழித்தே இறந்தார். செர்வான்டிஸ் 22 அன்று இறந்து 23 அன்று அடக்கம் செய்யப்பட்டவர் என்பது இன்னொரு திருத்தம்.

கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்பதும் இப்படித்தான். கலிலியோ இறந்தது கிரிகோரியன் கணக்கில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது இங்கிலாந்தின் பழைய கணக்கில் 1642 டிசம்பர் 25, கிரிகோரியனில் அது 1643 ஜனவரி 4. இரண்டு நாட்காட்டிகளைக் கலந்தால்தான் அந்த அழகான வாக்கியம் நிற்கும்.

ரஷ்யா 1918-இல்தான் மாறியது, ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14 என்று. அதனால் அக்டோபர் புரட்சியின் ஆண்டு நிறைவு நவம்பர் 7-இல் வரும், பிப்ரவரிப் புரட்சி தொடங்கிய பிப்ரவரி 23 நம் கணக்கில் மார்ச் 8.

நாட்காட்டி ஒன்றாக இருந்தாலும் கடிகாரம் பிரித்துவிடும். அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 பிற்பகல், இந்தியாவில் 21 அதிகாலை 1.47. ஜெர்மனியின் சரணடைவு மத்திய ஐரோப்பிய நேரப்படி 1945 மே 8 இரவு 11.01-க்கு நடைமுறைக்கு வந்தது. மாஸ்கோ கடிகாரத்தில் 9 ஆகிவிட்டது. அதனால்தான் மேற்கு ஐரோப்பா 8 அன்றும் ரஷ்யா 9 அன்றும் வெற்றி நாள் கொண்டாடுகின்றன. பேர்ல் துறைமுகத் தாக்குதல் ஹவாயில் 1941 டிசம்பர் 7, ஜப்பானில் 8. ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தாபாருவில் இறங்கத் தொடங்கியது அங்கே டிசம்பர் 8. தேதிகளை மட்டும் பார்த்தால் மலாயா பிந்தையது, உண்மையில் அதுதான் முந்தையது. நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு கிடக்கிறது.

நாள் எப்போது பிறக்கிறது என்பதிலும் சிக்கல் உண்டு. பாரதியார் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவைத் தாண்டிய பிறகு. நள்ளிரவில் தேதி மாறும் கணக்குப்படி அது 12. விடியலில் நாள் மாறும் பழைய கணக்குப்படி 11. இரண்டு தேதிகளிலும் நினைவுக் கட்டுரைகள் வருவதற்கு இதுதான் காரணம். தமிழ்நாடு அரசு 11-ஐ மகாகவி நாளாகக் கடைப்பிடிக்கிறது.

எந்த நாளை 'அந்த நாள்' என்பது?

பெரிய நிகழ்வுகள் ஒரே நாளில் முடிவதில்லை. அமெரிக்க விடுதலைத் தீர்மானம் வாக்கெடுப்பில் நிறைவேறியது 1776 ஜூலை 2. வருங்காலத் தலைமுறைகள் ஜூலை 2-ஐக் கொண்டாடும் என்று ஜான் ஆடம்ஸ் மறுநாளே மனைவிக்கு எழுதினார். பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்டது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. அச்சிட்ட தாளின் தலைப்பில் ஜூலை 4 இருந்தது, மக்கள் மனதில் அதுவே நின்றது.

அந்த ஆடம்ஸ் இறந்ததும் ஜூலை 4 அன்றுதான். 1826-இல், பிரகடனத்தின் சரியான 50-ஆம் ஆண்டு நிறைவில். அதை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனும் அதே நாளில் சில மணி நேரம் முன்னதாக இறந்திருந்தார். ஐந்து ஆண்டு கழித்து ஜேம்ஸ் மன்றோவும் ஜூலை 4. முதல் ஐந்து குடியரசுத் தலைவர்களில் மூவர்! இது தற்செயலா? மன்றோவுடையது அப்படித்தான் படுகிறது. ஜெஃபர்சன் 83 வயதில் மரணப் படுக்கையில், 3-ஆம் தேதி இரவு 'நான்காம் தேதி வந்துவிட்டதா' என்று கேட்டதாக உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தேதி அவருக்கு முக்கியமாக இருந்தது என்பது மட்டும் உறுதி. அது உயிரை ஒரு நாள் இழுத்துப் பிடிக்குமா என்பதை நான் முடிவு செய்ய மாட்டேன்.

ஆக, 'வரலாற்றில் இன்று' பட்டியலில் ஒரு பொருத்தம் கண்ணில் பட்டால், முதலில் நிகழ்வு நடந்த ஊரின் அன்றைய தேதியைப் பாருங்கள். 1582-க்கும் 1920-களுக்கும் இடைப்பட்ட ஐரோப்பிய நிகழ்வு என்றால் அந்த நாடு எப்போது நாட்காட்டி மாற்றியது என்று பாருங்கள், ஏனென்றால் கிரேக்கம் 1923-இல்தான் மாறியது. பிந்தைய நிகழ்வின் தேதியை யாராவது நினைத்த நேரத்தில் வைத்திருக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடிசூட்டு விழாவையும் மாநாட்டையும் அப்படி வைக்கலாம், நிலநடுக்கத்தையும் பிறப்பையும் முடியாது. நீங்களே பட்டியல் எழுதினால் சந்தேகமுள்ள தேதிகளில் பழைய நாட்காட்டி, உள்ளூர் நேரம் என்று அடைப்புக்குள் குறித்துவிடுங்கள்.

பிப்ரவரி 29-ஐ மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். நூற்றாண்டு ஆண்டுகள் 400-ஆல் வகுபட்டால்தான் கிரிகோரியன் கணக்கில் லீப் ஆண்டு. 1896 பிப்ரவரி 29 அன்று பிறந்த மொரார்ஜி தேசாய்க்கு 1900-இல் அந்தத் தேதி வரவில்லை. முதல் பிறந்த தேதி வரும்போது அவருக்கு எட்டு வயது.